முகம் சுளிக்கத் தெரியாதவர்கள்

அகாயிதி ஆடப்போகிறாள் என்றால் ஜனங்கள் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவார்கள். பசிபிக் கடலில் இருக்கும் ராரோதோங்கா தீவில் இதைவிடப் பெரிய பாராட்டு ஒருத்திக்குக் கிடைக்காது. வேறு எதற்காகவும் அங்கே யாரும் சாப்பாட்டை விட்டு எழுந்ததாகத் தகவல் இல்லை.

இத்தனைக்கும் ஆடத் தெரியாத ஆள் என்று அந்தத் தீவில் ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பாதிரியார் ஆடுவார், போலீஸ்காரர் ஆடுவார், விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆடுவார். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி தனியாகத் தெரிந்தாள் என்றால் எப்படி ஆடியிருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மர முரசு அதிரத் தொடங்கியதும் தோளுக்கு மேலே ஒன்றுமே நடக்காதது போல அசையாமல் நிற்பாள். இடுப்பு மட்டும் தனியாக உயிர் வந்தது போல ஓடும். தலையில் வைத்த பூமுடியிலிருந்து ஓர் இதழ்கூட உதிராது. அப்புறம் அந்தச் சிரிப்பு. மூன்றாவது வரிசைக்காரன் தன்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று சத்தியம் செய்வான். பத்தாவது வரிசைக்காரனும் செய்வான்.

அங்கே ஆட்டத்தில் சிரிப்பு சரிபாதி. ஆகஸ்டுத் திருவிழாப் போட்டியில் சிரிப்புக்கென்றே மார்க் போடுவார்கள். பெண் குழந்தை தத்தித் தத்தி நடக்கும்போதே அத்தைமார்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “பல்லு! பல்லு!” என்று கத்துவார்கள். காலில் முள் குத்தினாலும் பல் தெரிய வேண்டும். இடுப்பில் கட்டிய துணி அவிழப் பார்த்தாலும் பல் தெரிய வேண்டும். காதலன் வேறொருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முன்வரிசையிலிருந்து பார்த்தாலும் பல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கே அவமானம்.

அகாயிதிக்கு முப்பத்தைந்து வயதில், பெரிய அரங்கத்தில், கடைசி ஆட்டத்தின் நடுவில் வலது முட்டி போனது. உள்ளே ஏதோ கிழிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. முரசுக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அவளும் கூட்டினாள். முழு ஆட்டத்தையும் ஆடி முடித்து, வணங்கி, சிரித்த முகத்தோடு நடந்தே வெளியே வந்து, லாரிக்குப் பின்னால் குவித்திருந்த தென்னையோலை மேல் விழுந்தாள். அந்த வருஷம் முதல் பரிசு அவளுக்குத்தான். பரிசை வாங்க அவளுடைய தம்பி போனான்.

நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு அனுப்பி அறுவை செய்தார்கள். இனி ஆட்டம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோதும் அவள் சிரித்தாளாம். பாவம், அந்த டாக்டர் தான் சொன்னது இவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார்.

அத்தை மகள் வீட்டில் தங்கிக்கொண்டு, விடிவதற்கு முன்னால் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துக்கொண்டு அவள் ஆக்லாந்திலேயே இருந்துவிட்டாள். ஊருக்குத் திரும்ப வெட்கம். ஆடாத அகாயிதியாக யார் முன்னால் போய் நிற்பது? முட்டிக்குப் பயிற்சி கொடுத்த பெண்தான் மாடியில் யோகா வகுப்பு நடக்கிறது, போய்ப் பாரேன் என்றாள். போனாள். உடம்பு மறுபடி சொன்னபடி கேட்ட அந்த முதல் நாள் பேருந்தில் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதாள். பிறகு பிடித்த பிடியை விடவில்லை. ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து, சமஸ்கிருதப் பெயர்களை நாக்கு சுளுக்கச் சுளுக்க மனப்பாடம் செய்து, எலும்பு நரம்பெல்லாம் படித்து, தேறினாள். விடைபெறும்போது பயிற்சி ஆசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அகாயிதி, நீ செய்யறத பார்த்துக்கிட்டே இருக்கலாம். அதுதான் எனக்குக் கவலையா இருக்கு.” இது என்ன கவலையோ என்று நினைத்துக்கொண்டே அகாயிதி விமானம் ஏறினாள்.

ஊரில் விடுதிக்காரர்கள் அவளைக் கொத்திக்கொண்டு போனார்கள். கடலோரப் புல்வெளியில் காலை வகுப்பு. அவள் ஒற்றைக்காலில் நின்று கையை உயர்த்தினால் விருந்தாளிகள் பாயில் உட்கார்ந்தபடி கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் கைதட்டினார்கள். யோகா வகுப்பில் எதற்குக் கைதட்டல் என்று ஒருத்தியாவது யோசிக்க வேண்டாமா? நம் அகாயிதி யோசிக்கவில்லை. குனிந்து வணங்கினாள்.

அப்போதுதான் சுகாதார நர்ஸ் வந்து கேட்டாள். ஊரில் மமாக்களுக்கெல்லாம் சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டிவலி. ஞாயிறு பள்ளி மண்டபத்தில் வாரம் இரண்டு நாள் ஏதாவது சொல்லித்தர முடியுமா? தாய் வயதுக்கு வந்துவிட்ட பெண்கள் எல்லோரும் அங்கே மமாதான்; ஊரை நிஜமாக ஆள்வதும் அவர்கள்தான். அகாயிதி பயந்துகொண்டேதான் ஒத்துக்கொண்டாள்.

மண்டபத்தின் சாவியைக் கையில் வைத்திருந்த தேவாலய டீக்கன் முதலில் மடக்கினார். “இதுல வேற சாமிய கும்பிடணுமா?”

“இல்ல மாமா. மூச்சு விடணும், அவ்வளவுதான்.”

“மூச்சு நாங்க ஏற்கெனவே விட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்?” என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் மண்டபம் நிறைந்துவிட்டது. மூன்றாம் வாரம் எல்லோரும் ஒரே துணியில் தைத்த ஆரஞ்சு நிற உடுப்பும் தலையில் பூமுடியுமாக வந்து நின்றார்கள். “யோகாவுக்குமா?” என்றாள் அகாயிதி. ஒரே உடுப்பு இல்லாமல் நாலு பேர் சேர்ந்து எதையும் செய்வது அங்கே வழக்கமில்லை என்பது அவளுக்கும் தெரியும்தான். தேவாலயத்தில் பாட்டுக்கு இடப்பக்கம் வலப்பக்கம் என்று இரண்டு அணியாக உட்காருகிறவர்கள் இங்கேயும் அப்படியே பிரிந்து நின்றார்கள். மரம் போல ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தில் எந்தப் பக்கம் கடைசிவரை நிற்கிறது என்று போட்டி. இடப்பக்கத்துக்குத் தலைவி நூரோவா மமா. வலப்பக்கத்துக்கு அவளுடைய சித்தி மகள் தாங்கி மமா. இருவரும் சிறுவயதிலிருந்தே ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதற்காகவே உயிர் வாழ்கிறவர்கள்.

அகாயிதி ஒரு கையை உயர்த்தினால் முப்பது கைகள் விரல் நுனி வரை நளினமாக உயர்ந்தன. எல்லோருக்கும் பழைய ஆட்டம் உடம்பில் இருந்தது. முப்பது முகத்திலும் பல்.

“சவாசனம்னா செத்தவங்க மாதிரி படுக்கணும் மமா. சிரிக்கக் கூடாது.”

“செத்தா சிரிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?” என்றாள் தாங்கி.

“எங்க வீட்டுக்காரர் முன்வாசல்ல இத ஒன்பது வருஷமா பண்றாரு. அவர யாராலயும் ஜெயிக்க முடியாது” என்றாள் படுத்தபடியே நூரோவா. மண்டபமே குலுங்கிச் சிரித்தது. அவள் புருஷனை வீட்டு முற்றத்தில்தான் புதைத்திருந்தார்கள், எல்லோர் வீட்டிலும் போல. சாயங்காலமானால் சேப்பங்கிழங்கை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லறைத் திட்டில் உட்கார்ந்து தோல் சீவுவாள். ஊர் வம்பையெல்லாம் அவரிடம் ஒன்றுவிடாமல் சொல்வாள்.

ஒவ்வொரு வகுப்பிலும் அகாயிதி ஒழுங்காகக் கேட்டாள். “எங்கயாவது வலிச்சா சொல்லுங்க.” முப்பது குரலும் ஆமென் சொல்வது போல ஒன்றாகச் சொல்லின: “வலிக்கல!” அவள் நம்பினாள். உலகத்தில் வேறு யார் நம்பினாலும் சரி, அவள் நம்பியதை என்னவென்று சொல்வது! முட்டி கிழிந்த பிறகும் சிரித்தவள், சிரிப்பை வைத்து வலி இல்லை என்று முடிவு கட்டினாள்.

நூரோவாவின் கதை அவளுக்கு மெதுவாகத்தான் தெரியவந்தது. அதுவும் தாங்கி வாயைத் திறந்ததால்.

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நூரோவா தேவாலயப் படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தினார்கள், சிரித்துக்கொண்டே நடந்து போனாள். அன்றைக்கு ஆக்லாந்திலிருந்து நூரோவாவின் மகன் தெயாரிகி வேறு ஏதோ விஷயமாகத் தாங்கியோடு போனில் பேசினான். தாங்கியின் நாக்கு சும்மா இருக்குமா? உன் அம்மா படியில் உருண்டாள், கடவுள் காப்பாற்றினார் என்று படியின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டாள். தெயாரிகி இரண்டு வருஷமாகவே அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ளத் துடித்தவன். அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றான். திரும்பிப் போக இரண்டு டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

செய்தி கேட்ட சாயங்காலம் நூரோவா அகாயிதியின் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினாள்.

“எனக்கு ரெண்டு முட்டியும் போச்சுடி. இடது பக்கம் ரொம்ப மோசம். டாக்டர் சொல்லிட்டாரு, தசைக்கு பலம் வந்தா ஓட்டலாம், இல்லேன்னா சக்கர நாற்காலிதான்னு. அதுக்குத்தான் உன் வகுப்புக்கு வந்தேன்.”

“ஏன் மமா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா தாங்கிக்குத் தெரியும். தாங்கிக்குத் தெரிஞ்சா ஆக்லாந்துக்குத் தெரியும்.” நூரோவா ஜன்னல் பக்கம் பார்த்தாள். “பையன் நல்லவன்தான். ஆனா அங்க போனா நான் ஜன்னலோரம் வெச்ச தொட்டிச்செடி. யாராவது ஞாபகம் வந்தா தண்ணி ஊத்துவாங்க. இங்க முற்றத்துல அவரு தனியா கெடப்பாரு.”

“நான் என்ன செய்யணும் மமா?”

“செவ்வாக்கிழமை அவன வகுப்புக்குக் கூட்டிட்டு வரேன். அவன் முன்னாடி நான் ஒத்தக்கால்ல நிக்கணும். வலிக்காத மாதிரி. அத நீ சொல்லித்தா.”

“நானா?”

“வேற யாரு? நடுவர் வரிசையில நான்தான்டி உட்கார்ந்திருந்தேன் அன்னிக்கு. உன் முட்டி போனத என் கண்ணால பார்த்தேன். நீ பல்லக் காட்டிக்கிட்டே ஆடி முடிச்ச பாரு, அதுக்குத்தான் முழு மார்க் போட்டேன். அந்தச் சிரிப்பு எப்படின்னு சொல்லித்தா.”

நூரோவா இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அகாயிதிக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. ஒருத்திக்காவது தெரிந்திருக்கிறதே என்று உள்ளுக்குள் குளிர்ந்தது. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

நாலு நாள் அகாயிதி வீட்டுப் பின்னறையில் பயிற்சி நடந்தது. அகாயிதி தன் வித்தை எல்லாவற்றையும் எடுத்துவைத்தாள். வலி ஏறும் நொடியில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், வெளியே விட்டால் முனகல் வந்துவிடும். கையை உயரத் தூக்கினால் பார்க்கிறவன் கண் கையோடு போகும், காலைக் கவனிக்க மாட்டான். மேலுதட்டைப் பல்லோடு ஒட்டிவைத்தால் வாய் நடுங்காது. விட்டத்தில் ஒரு மூலையைப் பார்வையால் பிடித்துக்கொண்டால் கண்ணில் நீர் முட்டாது. நூரோவா ஆட்டக்காரி. கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டாள். நாலாம் நாள் ஒற்றைக்காலில் நின்று சிரித்தபோது அகாயிதியே ஒரு கணம் ஏமாந்தாள்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தேங்காய்ப்பாலில் வெந்த கீரை, பிடித்த மீன், எதுவும் பிடிக்கவில்லை. இத்தனை பாடுபட்டு ஆசிரியையாகத் தேறி வந்து, தன்னிடம் ஒருத்தி ஒன்றைப் பழுதில்லாமல் கற்றுக்கொண்டாள் என்றால் அது இதுவா? மூச்சை அடக்குவது எப்படி என்றா? மூச்சு விடத்தானே சொல்லித்தர வந்தாள். தட்டை நாய்க்கு வைத்துவிட்டுப் படுத்தாள். வாக்குக் கொடுத்துவிட்டோம், ஒரு நாள் கூத்துதானே, தெயாரிகி போய்விட்டால் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மண்டபம் திருவிழா போல இருந்தது. ஆரஞ்சு உடுப்புகள் எல்லாம் இஸ்திரி போட்டிருந்தன. பூமுடிகளுக்கு விடியற்காலையிலேயே பூப்பறித்திருந்தார்கள். தெயாரிகி நெடுநெடுவென்று வளர்ந்த ஆள்; ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் முழங்காலைத் தாடைக்குக் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தான். ஆக்லாந்தில் லாரி ஓட்டுகிறவன். தாங்கி மமா போய் அவன் கன்னத்தைக் கிள்ளி, “இளைச்சுட்டியே!” என்று பொய் சொன்னாள்.

நூரோவா முன்வரிசை நடுவில் நின்றாள். அகாயிதியைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினாள். ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

கை உயர்த்தல், பக்கம் சாய்தல் எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு விருட்சாசனம். முப்பது பேரும் வலது காலைத் தூக்கினார்கள். நூரோவாவும் தூக்கினாள். மொத்த உடம்பும் அந்த இடது முட்டியின் மேல். கை இரண்டும் அழகாக மேலே போயின. மகனின் கண் அந்தக் கையோடு போனதை அகாயிதி பார்த்தாள். மேலுதடு பல்லோடு ஒட்டியிருந்தது. கண் விட்டத்து மூலையில். எல்லாம் சொல்லிக்கொடுத்தது போலவே. கீழே பார்த்தாள். தரையில் ஊன்றிய காலின் விரல்கள் ஐந்தும் பாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. கணுக்காலுக்கு மேலே சதை துடித்தது.

அந்த விரல்களை அகாயிதிக்குத் தெரியும். லாரிக்குப் பின்னால் போய் விழுகிறவரை தன் விரல்களும் அப்படித்தான் தரையைப் பிறாண்டின. இன்னும் கொஞ்சம் போனால் அந்த முட்டியில் அதே சத்தம் கேட்கும். கேட்டாலும் நூரோவா சிரித்துக்கொண்டுதான் நிற்பாள். வாயைத் திறந்தால் நூரோவாவுக்குக் கொடுத்த வாக்கு போகும், அவளுடைய வீடு போகும், முற்றம் போகும். திறக்காவிட்டால் கால் போகும்.

“நிறுத்துங்க. எல்லாரும் காலை இறக்குங்க” என்றாள்.

“இப்பவேவா? இடப்பக்கம் தள்ளாட ஆரம்பிச்சாச்சு, நாங்க ஜெயிக்கப் போறோம்!” என்று தாங்கி கத்தினாள்.

அகாயிதி மண்டபத்தின் நடுவுக்கு வந்தாள். அடுத்து அவள் செய்தது ஓர் ஆட்டக்காரி செய்யவே கூடாத காரியம். இத்தனை காலமும் யாரும் பார்க்காதபடி சாமர்த்தியமாகத் தவிர்த்துவந்ததை, எல்லோரும் பார்க்க, முகத்துக்கு எதிரே செய்தாள். காலை அகட்டிக் குந்தினாள். வலது முட்டி மடங்க மடங்க மறுத்தது. பாதியிலேயே கத்தி இறங்கியது. பழக்கத்தில் உதடு பல்லோடு ஒட்டப்போயிற்று. அவள் அதை விட்டாள். முகம் தன் இஷ்டத்துக்குக் கோணட்டும் என்று விட்டாள். கண் இடுங்கி, மூக்கு சுருங்கி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. தீவிலேயே அழகான முகம் அது. காய்ப்பப்பாளியைக் கடித்த குழந்தையின் முகம் போல ஆயிற்று. வாயிலிருந்து “ஆ” என்று ஒரு சத்தமும் வந்தது.

முப்பது பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“ஐயோ, என்னடி ஆச்சு? பிசாசு கிசாசு பிடிச்சுடுச்சா?” என்றாள் தாங்கி.

“வலிக்குது மமா.” அகாயிதி தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அதையும் தடுக்கவில்லை. “அன்னிக்கு அரங்கத்துல ஆடும்போதே முட்டி கிழிஞ்சுது. எல்லாரும் கைதட்டினீங்க. அப்பவும் வலிச்சுது, இப்பவும் வலிக்குது. இதுதான் என் மூஞ்சி. நான் ஒரு வார்த்தை சொல்லாம இருந்தேன், கால் போச்சு. எங்கிட்ட கத்துக்க வந்தவங்களுக்கும் அதையே சொல்லிக்குடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க.”

நூரோவா அசையவில்லை. சிரிப்பு இன்னும் முகத்தில் அப்படியே நின்றது. ஆனால் கண் அகாயிதியைக் குத்தியது. வாக்குக் கொடுத்தாயே, துரோகி என்றது.

ஆரம்பித்தது தாங்கிதான். “சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. “எனக்கு இடுப்புல, இதோ இங்க, திரும்பினா உயிர் போகுது. பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.”

“உனக்கு இடுப்புதானே? எனக்குத் தோள்பட்டை! ராத்திரி படுக்கவே முடியல” என்று இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“எனக்குப் பாதம். காலைல தரையில வெச்சா நெருப்பு.”

“எனக்கு ரெண்டு கையும் மரத்துப் போகுது, இதோ பாரு!”

அவ்வளவுதான், அணை உடைந்தது. இடப்பக்கம் ஒரு வலியைச் சொன்னால் வலப்பக்கம் இரண்டைச் சொன்னது. முதுகுக்கு எதிராக இடுப்பை நிறுத்தினார்கள், இடுப்புக்கு எதிராகப் பித்தப்பையை. முகங்கள் ஒவ்வொன்றாகக் கோணின. போட்டியென்று வந்துவிட்டால் அந்த ஊரில் யாரும் எதையும் மிச்சம் வைக்கமாட்டார்கள். ஒருத்தி வலியைச் சொல்லிக்கொண்டே சிரித்துச் சிரித்து அழுதாள்.

தாங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு முடிவு சொன்னாள். “இடப்பக்கத்துல எனக்குச் சமமா ஒருத்திக்கும் வலி இல்ல. நாங்கதான் ஜெயிச்சோம்.”

இது நூரோவாவுக்குப் பொறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து பொறுக்காதது, இன்றைக்கா பொறுக்கும்! “உன் இடுப்பெல்லாம் ஒரு வலியா?” என்று கத்தினாள். “ரெண்டு முட்டியும் எலும்போட எலும்பு உரசுதுடி எனக்கு! கக்கூஸ்ல உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாம, கதவுப் பிடியில துணியக் கட்டி இழுத்து எழுந்திரிக்கிறேன். தெரியுமா உனக்கு?”

சொன்ன பிறகுதான் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. அதன் அடியில் இருந்த முகத்தை அகாயிதி அதுவரை பார்த்ததில்லை. களைத்துப்போன, பயந்துபோன, வயதான ஒரு பெண்ணின் முகம். தெயாரிகி பெஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“இருங்க” என்றாள் அகாயிதி. யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாற்காலியை இழுத்துவந்து நூரோவாவை உட்காரவைத்தாள். எதிரில் மண்டிபோட முடியாததால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அந்த இரண்டு பாதங்களையும் கையில் எடுத்துக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவைத்தாள். “மமா, மூஞ்சி எப்படி வேணாலும் போகட்டும். மூச்ச வெளிய விட்டுக்கிட்டே, கைய ஊனாம எழுந்திரிங்க. எங்க வலிக்குதோ அங்க நில்லுங்க. மேல போக வேணாம். எங்கிட்ட சொல்லுங்க.”

நூரோவா மகனைப் பார்த்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? மூச்சை விட்டாள். “ஊ” என்று பெரிதாக முனகிக்கொண்டு எழத் தொடங்கினாள். “இங்க வலிக்குது.”

“அங்கயே நில்லுங்க. மூச்சு.”

“இப்ப கொஞ்சம் விட்டுது.”

“இப்ப மேல வாங்க.”

பற்களைக் கடித்து, முகமெல்லாம் சுருங்கி, மமாக்கள் எல்லோரும் தாங்களும் சேர்ந்து முனக, நூரோவா எழுந்து நின்றாள். மேசையைப் பிடிக்கவில்லை, யார் தோளையும் பிடிக்கவில்லை. இத்தனை வாரம் வகுப்புக்கு வந்ததில் தொடையில் பலம் ஏறித்தான் இருந்தது. அதைச் சிரிப்புக்கே செலவழித்துக்கொண்டிருந்தாள். நின்றவள், தடுமாறித் தடுமாறி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு முகம் காட்டிக்கொண்டு, மகன் நின்ற இடம் வரை நடந்து போனாள்.

தெயாரிகியின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

“வாரா வாரம் போன்ல பல்லக் காட்டுனீங்களே அம்மா. ஒரு வாரம்கூட நான் நம்பல. எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்களே, எத மறைக்கிறாங்கன்னே தெரியலியேன்னு பயந்துதான் டிக்கெட் போட்டேன்.” மூக்கை உறிஞ்சினான். “இப்ப எழுந்து வந்தீங்களே, அத நம்புறேன்.”

“அப்ப?” என்றாள் நூரோவா.

“அப்ப ஒரு டிக்கெட்ட ரத்து பண்ணிடுறேன். ஆனா இனிமே போன்ல இந்த மூஞ்சியத்தான் காட்டணும். சிரிச்சீங்கன்னா அடுத்த விமானத்துல வந்து நிப்பேன்.”

மமாக்கள் கைதட்டத் தொடங்கினார்கள். பூமுடிகளைக் கழற்றி நூரோவாவின் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது தெரிந்ததுதான்: நூரோவா இப்போது திரும்பி, இரண்டு கையையும் விரித்து, அந்தப் பெயர்போன சிரிப்பைச் சிரிக்க வேண்டும். அவள் திரும்பினாள். உதடு பழக்கத்தில் விரியப் பார்த்தது. பாதியில் நின்றுவிட்டது.

“அகாயிதி, எனக்கு உட்காரணும் போல இருக்கு” என்றாள்.

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நடுவர் வரிசையில் உட்கார்ந்து சிரிப்புக்கு மார்க் போட்ட நூரோவா அதைச் சொன்னாள். தாங்கியின் காதில் விழும்படியாகவே சொன்னாள். அகாயிதி தரையில் கையூன்றி, முகத்தைக் கோணிக்கொண்டு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.